நவம்பரில் ஓர் அணியை எடைபோடுவது எப்படி?

2022 நவம்பர் கடைசி வாரம். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர். வட கரோலினா வந்திருந்தது. சீசன் தொடங்கும் முன்பே பத்திரிகையாளர்கள் வாக்களித்து நாட்டின் முதலிடத்தில் வைத்த அணி. கனெக்டிகட்டும் வந்திருந்தது. அதே வாக்கெடுப்பில் முதல் 25 இடங்களில் ஓர் இடம்கூடக் கிடைக்காத அணி.

அயோவா ஸ்டேட், அலபாமா இரண்டோடும் இந்த இரு அணிகளும் மோதின. வட கரோலினா அயோவா ஸ்டேட்டிடம் 70-65 என்று தோற்றது. இரண்டு நாள் கழித்து அலபாமாவிடம், நான்கு ஓவர்டைம் (சமநிலையை உடைக்கத் தரும் கூடுதல் நேரம்) போய், 103-101 என்று தோற்றது. கனெக்டிகட்டோ அலபாமாவை 82-67 என்றும், அயோவா ஸ்டேட்டை 71-53 என்றும் அடித்துவிட்டுக் கோப்பையோடு ஊர் திரும்பியது.

அடுத்த ஏப்ரலில் கனெக்டிகட் தேசிய சாம்பியன். வட கரோலினாவுக்கு மார்ச் மாதம் நடக்கும் 68 அணிகளின் போட்டியில் இடமே கிடைக்கவில்லை. 1985இல் அந்தப் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, சீசனுக்கு முன் முதலிடத்தில் இருந்த எந்த அணிக்கும் அப்படி நேர்ந்ததில்லை.

அப்படியானால் நவம்பரிலேயே எல்லாம் தெரிந்துவிடுமா? தெரியாது. ஆனால் சில விஷயங்கள் தெரியும், சில தெரியாது. எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், சீசன் தொடக்கத்தில் ரசிகர்கள் போடும் சண்டைகளில் பாதிக்கு வேலையே இருக்காது. கல்லூரிக் கூடைப்பந்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதலில் களம். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்தட்டான முதல் டிவிஷனில் அந்த ஆண்டு 363 ஆண்கள் அணிகள் இருந்தன. சீசன் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கும். டிசம்பர் கடைசி வரை ஒவ்வொரு கல்லூரியும் பெரும்பாலும் தன் மண்டலக் குழுவுக்கு (ஆண்டுதோறும் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) வெளியே உள்ள அணிகளோடு ஆடும். இந்த ஆட்டங்களை யாரோடு வைத்துக்கொள்வது என்பது பெரும்பாலும் கல்லூரிகளே பேசி முடிவு செய்வது. பணமுள்ள பெரிய கல்லூரி, சிறிய கல்லூரிக்குக் கணிசமான தொகை கொடுத்துத் தன் அரங்குக்கு வரவழைக்கும். சிறிய கல்லூரிக்கு அந்தப் பணத்தில் விளையாட்டுத் துறை ஓடும்; பெரிய கல்லூரிக்கு ஒரு வெற்றி. அதனால் நவம்பர் நடுவில் 'எங்கள் அணி 5-0', அதாவது ஐந்து வெற்றி, தோல்வியே இல்லை என்று ஒருவர் சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: யாரோடு ஆடி, எங்கே ஆடி?

வட கரோலினாவும் 5-0 என்றுதான் தொடங்கியது. அந்த ஐந்தில் இரண்டைப் பாருங்கள். சொந்த அரங்கில் காலேஜ் ஆஃப் சார்லஸ்டனை 102-86 என்று வென்றார்கள். 'சார்லஸ்டன் மாதிரி ஓர் அணிக்கு 86 புள்ளி கொடுக்கலாமா' என்ற முணுமுணுப்பு எழுந்தது. அதற்கு அடுத்து கார்ட்னர்-வெப்பை 72-66 என்று திணறித்தான் வென்றார்கள். பின்னால் பார்த்தால் சார்லஸ்டன் அந்த சீசனில் 31 ஆட்டங்கள் வென்ற நல்ல அணி. அதை 16 புள்ளியில் வென்றது உண்மையில் நல்ல மதிப்பெண். கவலைப்பட்டிருக்க வேண்டியது அந்த 72-66க்குத்தான். எதிரணியின் தரம் நமக்கு நவம்பரில் தெரியாது, ஜனவரியில்தான் தெரியும் என்பது இந்த மாதத்தின் பெரிய தொல்லை. பழைய பெயரை வைத்தே எடை போடுகிறோம்.

இரண்டு அணிக்கும் பொதுவான எதிரி கிடைத்தால் கொஞ்சம் உதவும். வட கரோலினா தன் முதல் ஆட்டத்தில் யுஎன்சி வில்மிங்டனை 13 புள்ளியில் வென்றது. அதே வில்மிங்டனை கனெக்டிகட் முப்பதுக்கும் அதிகமான புள்ளியில் நசுக்கியது. ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து இப்படிக் கணக்குப் போடக் கூடாதுதான். ஆனால் வில்மிங்டன், அயோவா ஸ்டேட், அலபாமா என்று மூன்று எதிரிகளும் ஒரே திசையைக் காட்டும்போது காதை அந்தப் பக்கம் திருப்புவதில் தவறில்லை.

அடுத்தது ஸ்கோர். ஸ்கோர் ஏமாற்றும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும்: 160 ரன் என்று மட்டும் சொன்னால், எத்தனை ஓவரில் என்று உடனே கேட்போம். கூடைப்பந்தில் ஓவருக்குப் பதில் பொசெஷன். பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து, கூடையில் விழுந்தோ, பறிபோயோ, எதிரணியிடம் போகும்வரை ஒரு பொசெஷன். ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஏறத்தாழ சமமான பொசெஷன்கள்தான் கிடைக்கும், ஒருவர் முடித்தால் மற்றவர் முறை என்பதால். கல்லூரி ஆட்டத்தில் அது 70ஐ ஒட்டி இருக்கும். வேகமாக ஓடி ஆடும் அணிகளுக்கு 75க்கு மேலும் போகும். 30 விநாடி ஷாட் கடிகாரத்தின் கடைசிவரை பந்தை வைத்துக்கொண்டு நிதானமாக ஆடும் அணிகளுக்கு 60களின் தொடக்கத்துக்கு இறங்கிவிடும்.

ஓர் அணி 82-75 என்று வெல்கிறது, 80 பொசெஷனில். இன்னொன்று 61-54 என்று வெல்கிறது, 60 பொசெஷனில். இரண்டும் ஏழு புள்ளி வித்தியாசம். முதல் அணிக்குத் தாக்குதல் நன்றாக வருகிறது, இரண்டாவது அணி அடிக்கத் தெரியாத அணி என்றுதான் யாரும் சொல்வார்கள். 100 பொசெஷனுக்கு எத்தனை புள்ளி என்று மாற்றிப் பாருங்கள்: முதல் அணி 102.5, இரண்டாவது 101.7. தாக்குதல் கிட்டத்தட்ட ஒன்றேதான். தடுப்பில்தான் வித்தியாசம்: முதல் அணி விட்டுக்கொடுத்தது 93.8, இரண்டாவது 90. 'அடிக்கத் தெரியாத அணி' உண்மையில் கொஞ்சம் மேல்.

அந்த அலபாமா ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 101 புள்ளி அடித்தும் தோற்றது என்று கேட்டால், தாக்குதல் பிரமாதம், தடுப்பு ஓட்டை என்று தோன்றும். ஆனால் நான்கு ஓவர்டைம் என்றால் 40 நிமிட ஆட்டத்தோடு இன்னும் 20 நிமிடம். மொத்தம் ஒன்றரை ஆட்டம். 40 நிமிடத்துக்குச் சுருக்கினால் 101 என்பது 67 புள்ளி. சாதாரணம்தான்.

பொசெஷனை யாரும் உட்கார்ந்து எண்ண வேண்டியதில்லை, ஸ்கோர் அட்டையிலிருந்தே வந்துவிடும். எறிந்த ஷாட்டுகளில் இருந்து, தவறிய ஷாட்டில் அதே அணி திரும்பப் பிடித்த ரீபவுண்டுகளைக் கழியுங்கள், டர்ன்ஓவர்களை (எறியாமலே எதிரணியிடம் தொலைத்த பந்துகளை) கூட்டுங்கள், ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையில் ஏறத்தாழ பாதியைக் கூட்டுங்கள். கல்லூரி ஆட்டத்துக்குப் பொதுவாக 0.475 என்று பெருக்குவார்கள், பாதி என்று வைத்தாலும் மோசமில்லை. கென் பாமராய் என்பவரின் தரவரிசையை அமெரிக்க ரசிகர்கள் வேதம்போல மேற்கோள் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் இருப்பது இந்தக் கணக்குதான், எதிரணியின் பலத்துக்கும் ஆட்டம் நடந்த இடத்துக்கும் ஏற்பத் திருத்தியது. ஒன்று மட்டும் கவனம்: சீசன் தொடக்கத்தில் அந்தத் தரவரிசைக்குள் சீசனுக்கு முந்தைய கணிப்பும் கலந்திருக்கும். ஆட்டங்கள் சேரச் சேரத்தான் அது கரையும். நவம்பரில் 'கணினியே எங்களை ஐந்தாவது இடத்தில் வைத்திருக்கிறது' என்று ஒருவர் பெருமைப்பட்டால், அதில் ஒரு பங்கு ஆட்டம் தொடங்கும் முன்பே போட்ட மதிப்பெண்.

சரி, ஓர் அணியின் பலமும் பலவீனமும் எங்கே இருக்கின்றன? டீன் ஆலிவர் என்ற புள்ளியியலாளர் இதை நான்கு விஷயமாகச் சுருக்கினார்: எறிவது எவ்வளவு விழுகிறது, பந்தை எவ்வளவு தொலைக்கிறோம், தவறிய ஷாட்டில் எத்தனையைத் திரும்பப் பிடிக்கிறோம், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு எவ்வளவு போகிறோம். அவர் கொடுத்த எடை 40, 25, 20, 15. இதே நான்கையும் எதிரணிக்கும் பார்த்தால் தடுப்பின் படம் கிடைத்துவிடும்.

இந்த நான்கில் 40 பங்கு எடையுள்ள ஷாட் சதவீதம்தான் முக்கியம். நவம்பரில் குறைவாக நம்ப வேண்டியதும் அதுதான். வேடிக்கையான நிலைமை. அதிலும் குறிப்பாக த்ரீ பாயிண்டர், அதாவது தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி பெறும் ஷாட்.

ஓர் அணி ஆட்டத்துக்கு 20 த்ரீ எறிகிறது என்று வைப்போம். ஐந்து ஆட்டத்தில் 100. அதில் 34 விழுந்தால் 34 விழுக்காடு, சராசரி அணி. 39 விழுந்தால் 39 விழுக்காடு. சீசன் முழுக்க அப்படி எறிந்தால் நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஐந்து ஷாட். ஆட்டத்துக்கு ஒன்று. வளையத்தைச் சுற்றி வந்து வெளியே தெறித்த ஒரு பந்து உள்ளே விழுந்திருந்தால் போதும். இதை வைத்துக்கொண்டு 'இந்த வருஷம் நம்ம பசங்க எறிவாங்க' என்றோ 'எறியத் தெரியாத கூட்டம்' என்றோ தீர்ப்பு எழுதுபவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உண்டு.

எதிரணியின் த்ரீ சதவீதம் இன்னும் மோசம். 'எங்கள் தடுப்பு பிரமாதம், எதிரணி 24 விழுக்காடுதான் எறிந்தது' என்பார்கள். பந்து கையை விட்டுப் போன பிறகு தடுப்பவரால் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். எதிரணி ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டதை நம் தடுப்பின் திறமை என்று யாரும் சொல்வதில்லை. இதுவும் அதற்குப் பக்கத்து வீடு. தடுப்பவர் கையில் அதிகம் இருப்பது, எதிரணியை எத்தனை த்ரீ எறிய விடுகிறோம் என்பது. அந்த எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஐந்தாறு ஆட்டத்திலேயே ஓரளவு நிலைத்துவிடும், ஏனென்றால் அது அதிர்ஷ்டத்தைவிட அணியின் திட்டத்தை ஒட்டியது.

டர்ன்ஓவரும் ரீபவுண்டும் அப்படித்தான். ஓர் ஆட்டத்தில் அறுபது, எழுபது முறை ரீபவுண்டுக்குப் பந்து மேலே போகிறது. உடலை வைத்து மறிப்பது, குதிப்பது, விடாமல் ஓடுவது எல்லாம் பழக்கம். ஒரு ராத்திரியில் மாறாது. எனக்குத் தனிப்பட்ட முறையில் நவம்பர் ஸ்கோர் அட்டையில் முதலில் கண் போவது, தாக்கும் பக்கத்தில் எத்தனை ரீபவுண்ட் பிடித்தார்கள் என்ற கட்டத்துக்குத்தான். கொஞ்சம் வெறித்தனம் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. ஆனால் கனெக்டிகட் விஷயத்தில் அந்தக் கட்டம்தான் பேசியது. அந்த சீசன் முழுக்க, தாங்கள் தவறவிட்ட ஷாட்டுகளில் கிட்டத்தட்ட 39 விழுக்காட்டை அவர்களே திரும்பப் பிடித்தார்கள். நாட்டின் மிகச் சிறந்த அளவுகளில் ஒன்று அது. நடுவில் ஆடாமா சனோகோ. அவர் களைத்து வெளியே வந்தால் உள்ளே போவது டோனவன் கிளிங்கன், 7 அடி 2 அங்குலம், முதலாம் ஆண்டு மாணவர். எதிரணியின் சென்டருக்கு (கூடை அருகே ஆடும் உயரமான ஆளுக்கு) மூச்சு விட இடமே இல்லை. போர்ட்லேண்ட் தொடரின் சிறந்த வீரர் விருது பெஞ்சிலிருந்து வந்த அந்தக் கிளிங்கனுக்குத்தான் போனது. ஒரு கோச்சுக்கு இதைவிட நல்ல செய்தி நவம்பரில் வர முடியாது. அன்றைக்கு எறிவது விழவில்லை என்றாலும் இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும் அணி அது.

இப்போது மறுபக்கம். வட கரோலினாவை முதலிடத்தில் வைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. முந்தைய ஏப்ரலில் அந்த அணி தேசிய இறுதிப் போட்டி வரை போய், பாதி ஆட்டத்தில் 15 புள்ளி முன்னிலையில் இருந்து, கேன்சஸிடம் 72-69 என்று தோற்றிருந்தது. அந்த அணியின் முதல் ஐவரில் நால்வர் திரும்ப வந்தார்கள்: அர்மாண்டோ பேகாட், கேலப் லவ், ஆர்.ஜே. டேவிஸ், லீக்கி பிளாக். போனது ஒருவர்தான், பிரேடி மேனெக். ஐந்தில் நான்கு இருக்கிறதே, அப்புறம் என்ன என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மேனெக் 6 அடி 9 அங்குல உயரம், ஆனால் வெளியே நின்று த்ரீ எறிபவர், 40 விழுக்காடு. அவர் ஸ்கோர் அட்டையில் தெரிந்ததைவிடத் தெரியாமல் செய்த வேலை அதிகம். பேகாட்டுக்குக் கூடை அருகே பந்து வருகிறது என்று வையுங்கள். முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். மேனெக்கைக் காவல் காக்கும் உயரமான ஆள் பேகாட் பக்கம் இரண்டு அடி நகர்ந்தால் போதும், இரண்டு பேர் நடுவில் பேகாட் மாட்டிக்கொள்வார். ஆனால் அந்த ஆளால் நகர முடியாது. நகர்ந்தால் பந்து வெளியே மேனெக்குக்குப் போய்விடும், மூன்று புள்ளி. அதனால் பேகாட் ஒற்றைக்கு ஒற்றை. கார்டுகள் (வெளியிலிருந்து பந்தைக் கொண்டுவரும் ஆட்டக்காரர்கள்) உள்ளே பாய்ந்தாலும் இதே கதை: பாதை திறந்திருக்கும்.

மேனெக் இடத்துக்கு நார்த்வெஸ்டர்னிலிருந்து பீட் நான்ஸ் வந்தார். முந்தைய ஆண்டு அங்கே அவர் த்ரீயில் 45 விழுக்காடு. காகிதத்தில் மேனெக்கைவிட நல்ல எண். ஆனால் மேனெக் எறிந்த அளவில் பாதிகூட நான்ஸ் எறிந்ததில்லை, அதாவது மேலே சொன்ன ஐந்து ஷாட் கதைதான். வட கரோலினாவில் அந்த 45 நிற்கவில்லை. காவல்காரர்கள் நகரத் தொடங்கினார்கள். நடுவில் கூட்டம் சேர்ந்தது. அணி மொத்தமாக அந்த சீசனில் த்ரீயில் 31 விழுக்காட்டை ஒட்டித்தான் எறிந்தது.

நவம்பரில் இது கண்ணுக்குத் தெரிந்ததா? எண்ணில் தெரியவில்லை, சதவீதம் அப்போது வெறும் இரைச்சல். ஆட்டத்தில் தெரிந்தது. பேகாட்டுக்குப் பந்து வரும்போது எத்தனை பேர் அவரைச் சூழ்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு, எதிரணிகள் வெளியே நிற்பவர்களுக்குப் பயப்படவில்லை என்பது புரிந்திருக்கும். எதிரணியின் கோச்சுகள் நம்மைவிட அதிகம் ஆட்டப் பதிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்கள் யாரைத் திறந்து விடுகிறார்கள் என்பதுதான் நமக்குக் கிடைக்கும் இலவச அறிக்கை.

'நால்வர் திரும்ப வந்தார்கள்' என்ற கணக்கு இப்போது பல கல்லூரிகளில் செல்லுபடியே ஆகாது. ஒரு மாணவர் முதல் முறை கல்லூரி மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை, உடனே ஆடலாம் என்று 2021இல் விதி வந்தது; 2024இல் அந்த 'முதல் முறை' என்ற வரம்பும் போய்விட்டது. அதனால் வசந்தத்தில் அணி கலைந்து இலையுதிர் காலத்தில் புது அணி நிற்கிறது. கனெக்டிகட்டும் அந்த ஆண்டு ட்ரிஸ்டன் நியூட்டன் உட்பட நான்கு பேரை வேறு கல்லூரிகளிலிருந்து எடுத்தது. இப்படிப்பட்ட அணிகளில் நவம்பர் டர்ன்ஓவர் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். யார் எங்கே ஓடுவார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. பாஸ் போகும், ஆள் இருக்க மாட்டார். டர்ன்ஓவர் நிலையான எண் என்று மேலே சொன்னேன், இங்கே ஒரு விதிவிலக்கு வைக்கிறேன். பந்து எப்படித் தொலைகிறது என்று பாருங்கள். ஆளில்லா இடத்துக்கு வீசிய பாஸ் என்றால் ஜனவரிக்குள் குறையும். பந்தை முன்னே கொண்டுபோகும் பாயிண்ட் கார்டின் கையிலிருந்தே எதிரணி பறிக்கிறது என்றால், அது குறையாது. பெரிய அணிகளோடு ஆடும்போது கூடும்.

பெஞ்சையும் ஃபவுலையும் பற்றிச் சுருக்கமாக. கல்லூரி ஆட்டத்தில் ஐந்தாவது ஃபவுலோடு ஆள் வெளியே. சென்டருக்கு முதல் பாதியில் இரண்டு ஃபவுல் விழுந்தால் பல கோச்சுகள் உடனே உட்கார வைத்துவிடுவார்கள். அப்போது உள்ளே போவது யார், அந்த எட்டு நிமிடத்தில் ஸ்கோர் என்ன ஆகிறது? பலவீனமான எதிரணியோடு ஆடும் நவம்பரில் இது தெரியாமல் போய்விடும், 20 புள்ளி முன்னிலையில் எல்லோரும் நன்றாகவே ஆடுவார்கள். எனவே கடைசிப் பத்து நிமிட எண்களை மறந்துவிட்டு, ஆட்டம் இழுபறியில் இருக்கும்போது கோச் நம்பும் எட்டுப் பேர் யார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு ஒருவர் 2022 டிசம்பரில் கனெக்டிகட் மேல் பந்தயம் கட்டியிருந்தால் ஜனவரியில் அவருக்குத் தூக்கம் போயிருக்கும். 14-0 என்று தொடங்கி வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் வரை ஏறிய அணி, அடுத்த எட்டு ஆட்டங்களில் ஆறில் தோற்றது. சேவியர், பிராவிடன்ஸ், மார்க்கெட் என்று தன் குழுவுக்குள் வெளியூரில் வரிசையாக அடி. அப்புறம் சொந்த ரசிகர்கள் முன்னால் செயின்ட் ஜான்ஸிடமும். நவம்பரில் கொண்டாடியவர்களே கோச் டேன் ஹர்லியைத் திட்டத் தொடங்கினார்கள். மண்டலக் குழுவுக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஒரே அணியை இரண்டு முறை சந்திக்க வேண்டும். நவம்பரில் கிடைத்த ஆச்சரியம் அங்கே கிடைக்காது.

வட கரோலினா டிசம்பர் முதல் வாரத்திலேயே வாக்கெடுப்பின் முதல் 25 இடங்களிலிருந்து விழுந்துவிட்டது, ஆனாலும் அங்கே பலர் நம்பிக்கையை விடவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது: முந்தைய ஆண்டும் அணி தட்டுத் தடுமாறித்தான் போனது, மார்ச்சில்தான் பற்றிக்கொண்டது. போன தடவை மாதிரியே இந்தத் தடவையும் என்றார்கள். போன தடவை மேனெக் இருந்தார். 20-13 என்று முடித்து, பெரிய போட்டியில் இடம் கிடைக்காதவர்களுக்கான இரண்டாம் நிலைத் தொடரான என்ஐடியில் ஆட விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கனெக்டிகட் தன் பிரிவில் நான்காவதாகத் தரவரிசைப்படுத்தப்பட்ட அணியாக மார்ச் போட்டிக்குள் நுழைந்து, ஆறு ஆட்டங்களையும் 13 புள்ளிக்குக் குறையாமல் வென்றது. ஏப்ரல் 3 இரவு, ஹூஸ்டனில், சான் டியேகோ ஸ்டேட்டை 76-59.